புதுக் கணிப்பொறியும் பழைய எழுத்தும்

ஓலைச்சுவடி நெடுங்காலம் நிலைத்து நிற்கும் பொருளன்று. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். ஆதலால் பழுதுபட்ட ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைப்பது தமிழ்க் குடும்பங்களிலும் மடங்களிலும் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை நிகழ்ந்தாக வேண்டிய கடமையாக இருந்தது. பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் பிழைத்தன. பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் பெயரளவில் நின்றன. பிழைத்தவையும் பழுதின்றிப் பிழைத்தன எனக் கூறவியலாது. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருந்தன. 1887 ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் போன்ற பெருமக்கள், எழுத்தைக் கண்டபின்னும் சொல்லைக் காண உழைக்க வேண்டியிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அச்சு வந்தபின் அக்கவலை பெரிதும் தணிந்தது. கணிப்பொறி வந்தபின் அது வேறு வடிவில் மீண்டது. முன்பு தலைமுறைக்கு ஒருமுறை வந்த கடமை இப்போது ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாயிற்று. ஒரு வீட்டில் பழைய கணிப்பொறியை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்கும் நாளே பெயர்த்தெழுதும் நாள். வாங்கச் செல்வோர் விலையைக் கேட்கின்றனர், வேகத்தைக் கேட்கின்றனர், நினைவகத்தின் அளவைக் கேட்கின்றனர். பழையதில் எழுதி வைத்தவை புதியதில் திறக்குமா என்னும் வினா பெரும்பாலும் வீட்டுக்கு வந்தபின்னரே எழுகின்றது. இவ்வினாவுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழ் எழுத்துக்குத் தனியானதோர் இடமும் உண்டு.

தீவுகள்

வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்க கணிப்பொறி முழுமையான பொருளாகக் கடைக்கு வந்த ஆண்டு 1977 எனலாம். அவ்வோராண்டிலேயே அமெரிக்காவில் மூன்று பொறிகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று ஆப்பிள் 2. மற்றொன்று கொமடோர் நிறுவனத்தின் பெட். மூன்றாவது டேண்டி நிறுவனத்தின் டிஆர்எஸ்-80. இவற்றுள் முதலிரண்டும் 6502 என்னும் ஒரே வகைச் செயலியைக் கொண்டவை. ஆயினும் ஒன்றில் எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. திரையை ஆளும் முறை வேறு. நாடாவில் பதியும் முறை வேறு. பேசிக் என்னும் பெயரிலேயே வழங்கிய மொழியும் பொறிக்குப் பொறி கிளைமொழியாகப் பிரிந்திருந்தது. ஒன்றை வாங்கியவர் அதன் மென்பொருளையும் சேர்த்தே வாங்கினார். பிறவற்றின் மென்பொருளை இழந்தார்.

இந்நிலையில் 1979 ஆம் ஆண்டு டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கிய விசிகால்க் என்னும் கணக்குத்தாள் மென்பொருள் ஆப்பிள் 2 பொறிக்கு மட்டுமே முதலில் வந்தது. வணிகர் பலர் கடைக்குச் சென்று விசிகால்க் வேண்டுமென்று கேட்டு, அது ஓடுவதற்காக ஆப்பிள் பொறியையும் வாங்கினர். பொறிக்காக மென்பொருள் என்றிருந்த நிலை மாறி, மென்பொருளுக்காகப் பொறி என்றாகியது. கணிப்பொறி வாங்குவோர்க்கு இன்றும் கூறத்தக்க அறிவுரை அன்றே நடைமுறையில் தோன்றிவிட்டது.

தீவுகளுக்கிடையே பாலம் அமைக்கும் முயற்சியும் உடன் நிகழ்ந்தது. கேரி கில்டால் 1974 இல் உருவாக்கிய சிபி/எம் என்னும் இயங்குதளம், பொறிக்குப் பொறி மாறும் பகுதியை மட்டும் தனியே பிரித்து ஒரு சிறு பகுதிக்குள் அடக்கியது. அச்சிறு பகுதியை மாற்றி எழுதினால் போதும். மேலுள்ளவை மாறாமல் ஓடும். 1978 இல் வந்த வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலி இவ்வழியே பல நிறுவனங்களின் பொறிகளில் பரவியது. பாலம் முழுமையானதன்று. நிரல் பொதுவாயினும் நெகிழ்வட்டு பொதுவாகவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வட்டில் தனக்கெனத் தடங்களை வகுத்துக்கொண்டது. எனவே ஒரே வேர்ட்ஸ்டார் இருபுறமும் இருந்தும் ஒரு வட்டை மற்றொரு பொறி படிக்கவில்லை.

ஒத்த பொறிகள்

1981 ஆகஸ்டு 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் தனிமனிதக் கணிப்பொறியை வெளியிட்டது. விரைந்து முடிக்க வேண்டி அதன் உறுப்புகளில் பெரும்பாலானவற்றைப் பிறரிடம் வாங்கியது. செயலி இன்டெல் நிறுவனத்தது, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தது. பொறியின் அமைப்பையும், அதன் அடிப்படை நிரலாகிய பயாஸின் வரிகளையும் விளக்கக் கையேட்டில் அச்சிட்டே விற்றது. அச்சிட்டதனால் யாரும் படிக்கலாம். பதிப்புரிமை இருந்தமையால் யாரும் படியெடுக்கலாகாது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்திலிருந்து வெளியேறிய மூவர் 1982 இல் தொடங்கிய காம்பேக் நிறுவனம் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. ஐபிஎம் வரிகளைப் படித்தவர்கள் ஒருபுறம் இருந்து, அந்நிரல் என்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தந்தனர். அவ்வரிகளை ஒருநாளும் பாராதவர்கள் மறுபுறம் இருந்து, அதே செயலைச் செய்யும் புதிய வரிகளை எழுதினர். மூலநூலைப் படியாமல் அதன் பொருளை மட்டும் கேட்டு வழிநூல் செய்வது போன்றது இது. 1983 இல் காம்பேக்கின் பெட்டி விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஃபீனிக்ஸ் நிறுவனம் இவ்வகையில் செய்த பயாஸை எல்லார்க்கும் விற்கத் தொடங்கவே, ஒத்த பொறிகள் பெருகின.

‘ஐபிஎம் பொறியோடு இணக்கமானது’ என்னும் தொடர் அக்கால விளம்பரங்களில் எங்கும் காணப்பட்டது. அத்தொடரை நம்புவது எவ்வாறு? வாங்குவோரும் இதழாளரும் இரண்டு மென்பொருள்களைக் கொண்டு சோதித்தனர். ஒன்று 1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3. மற்றொன்று மைக்ரோசாஃப்ட்டின் வானூர்தி விளையாட்டாகிய ஃபிளைட் சிமுலேட்டர். இவை இரண்டும் வேகம் கருதி இயங்குதளத்தின் வாயிலாகச் செல்லாமல் நேரே திரையின் நினைவகத்தைத் தொட்டவை. ஆகவே அகமும் புறமும் ஒத்த பொறியில் மட்டுமே அவை ஓடின. டிஇசி நிறுவனத்தின் ரெயின்போ போன்றவை அதே இயங்குதளத்தைக் கொண்டிருந்தும் இச்சோதனையில் தோற்றன. ஐபிஎம் தானே வீட்டுக்கெனச் செய்த பிசிஜூனியர் என்னும் பொறியும் தன் மூத்த பொறியின் மென்பொருள்கள் பலவற்றை ஓட்ட மாட்டாமல் 1985 இல் நிறுத்தப்பட்டது. பெயர் ஒன்றாயிருப்பதும் இணக்கமும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்திய இல்லங்களுக்கு இவ்வலை பிந்தியே வந்தது. ஐபிஎம் 1978 இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணிப்பொறிக் கொள்கைக்குப் பின்னரே உறுப்புகளின் இறக்குமதி எளிதாயிற்று. அக்காலத்தில் பள்ளிகளுக்கு அரசு வழங்கிய பொறி இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ. அதில் பயின்ற மாணவர் அலுவலகங்களில் கண்டதோ ஐபிஎம்மை ஒத்த பொறிகள். பள்ளியில் கற்ற நிரல் அங்கே ஓடவில்லை. எனினும் கல்வி என்னும் அளவில் அது வீணாயிற்று என்று கூறுவது பொருந்தாது.

எட்டாம் பிட்

இதுவரை கூறியவை எல்லா மொழியினர்க்கும் பொதுவான கவலைகள். தமிழ் எழுதுவோர்க்குக் கவலை இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. ஆங்கிலத்தில் எழுதுபவர் பொறி மாறினால் வடிவமைப்பை இழக்கலாம்; எழுத்தை இழப்பதில்லை. தமிழர்க்கு எழுத்தே ஐயத்துக்குரியதாயிற்று. இதன் காரணத்தைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்னும் உடன்பாடே எழுத்தைக் காப்பது. 1963 இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னும் அமெரிக்கத் தரம் ஏழு பிட்டுகளைக் கொண்டு 128 இடங்களை வகுத்தது. ஆங்கிலத்துக்கு அது போதும். ஆனால் பொறிகளோ எட்டு எட்டுப் பிட்டுகளாகவே எண்களைச் சேமித்தன. எனவே எட்டாம் பிட் ஒன்று மிஞ்சியது. அதனோடு 128 முதல் 255 வரையிலான இடங்களும் உரிமையாளர் இன்றிக் கிடந்தன. அவ்வெற்றிடத்தில் ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியதை வைத்துக்கொண்டனர். வேர்ட்ஸ்டார் தன் வடிவமைப்புக் குறிப்புகளுக்காகச் சொல்லின் ஈற்றெழுத்தில் எட்டாம் பிட்டை ஏற்றியது. அதனால் அக்கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்தால் சொல்தோறும் கடைசி எழுத்து விகாரப்பட்டு நின்றது. ஐபிஎம் அங்கே கட்டம் வரையும் கோடுகளை வைத்தது. மேக்கின்டாஷ் அங்கே ஐரோப்பிய எழுத்துகளை ஒரு வரிசையில் வைக்க, விண்டோஸ் வேறொரு வரிசையில் வைத்தது. மின்னஞ்சலைக் கைமாற்றிய இடைநிலைப் பொறிகள் சில எட்டாம் பிட்டை வேண்டாத சுமை என்று கருதி வெட்டியே எறிந்தன.

தமிழுக்குக் கிடைத்த புறம்போக்கு நிலம் இதுவே. தமிழ் எழுத்துகள் 247 எனினும் அத்தனைக்கும் தனி வரிவடிவம் வேண்டியதில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். உகர ஊகார வரிசைகளுக்கே உயிர்மெய்தோறும் தனி வடிவம் தேவைப்படும். இக்கணக்கில் 128 இடங்களுக்குள் தமிழை அடக்க முடியும். அடக்கியவர்களும் பலர். கனடாவில் வாழ்ந்த கு. சீனிவாசன் ஆதமியையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசையும் 1980களில் ஆக்கினர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை 1990களில் அளித்தார். இந்திய அரசு சார்பில் சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்னும் அட்டையைக் கணிப்பொறிக்குள் செருகித் திரையில் இந்திய எழுத்துகளைக் காட்டியது. இவர்கள் எவரும் பிழை செய்தவரல்லர். உடன்பாடு ஒன்று இல்லாத காலத்தில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்களே. ஆனால் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு வரிசையை வகுத்துக்கொண்டமையால், எழுத்துரு மாறினால் எழுத்து மாறியது.

ஈழத் தமிழரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் மிகப் பரவிய பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத புதுப் பொறியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளித்தது. ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என நின்றது. எழுதியவர்க்கே தம் எழுத்து விளங்காத நிலை அது. எழுத்துருவை மட்டும் படியெடுத்துக் கொண்டுவந்து நிறுவினால் யாவும் மீளும் என்பது உண்மையே. ஆயின் அவ்வாறு நிறுவியவர்களும் வேறொரு வகையில் ஏமாந்தனர்.

1993 இல் வந்த வேர்டு 6 முதல் மைக்ரோசாஃப்ட்டின் சொற்செயலி தானே பிழை திருத்தும் வழக்கத்தை மேற்கொண்டது. வாக்கியத்தின் முதலெழுத்தைச் சிறியதாகத் தட்டினால் அது பெரிய எழுத்தாக மாற்றிவிடும். பாமினியில் தட்டும் தமிழையும் அது ஆங்கிலமென்றே கொண்டது. அவ்வெழுத்துருவில் சிறிய ஜே தகரம். பெரிய ஜே ‘து’. எனவே வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்ற ‘தமிழ்’ திருத்தம் பெற்றுத் ‘துமிழ்’ ஆயிற்று. உரைநடைக்கு இக்கேடு வாக்கியத்துக்கு ஒருமுறை. கவிதைக்கோ அடிதோறும் நேர்ந்தது; ஓரடி முடித்து விசையைத் தட்டி அடுத்த அடிக்குச் செல்லும்போதெல்லாம் அம்மென்பொருள் புதிய பத்தி தொடங்கியதாகக் கருதியது. சிறிய கே மகரம். பெரிய கே ‘மு’. அடிமுதலில் நின்ற ‘மழை’ ‘முழை’ ஆயிற்று. முழை என்பதும் நல்ல தமிழ்ச் சொல்லே. மலைக் குகையைக் குறிப்பது. இரண்டும் நிரையசையே ஆதலால் தளை கெடவில்லை. யாப்பு அறிந்தவர் அலகிட்டுப் பார்த்தாலும் பிழை அகப்படாது. மோனை இருந்திருந்தால் மட்டும் அது காட்டிக்கொடுக்கும். ஏடெழுதுவோர் கைப்பிழையால் எழுந்த பாடவேறுபாடுகளைப் பட்டியலிடும் பதிப்பாசிரியர்கள், இனி வருங்காலத்தில் இவ்வகைப் பாடவேறுபாட்டுக்கும் ஒரு பெயர் தேட வேண்டியிருக்கும்.

மேக்கின்டாஷிலிருந்து விண்டோஸுக்கு மாறியோர் பட்ட துன்பம் வேறு வகையினது. பழைய மேக் பொறிகளின் 400 கே, 800 கே நெகிழ்வட்டுகள் சுழலும் வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றிப் பதியப்பட்டவை. பிற பொறிகளின் வட்டு இயக்கிகளால் அவற்றைப் படிக்கவே இயலாது. படிக்க வழி செய்துகொண்ட பின்னும், மேல் 128 இடங்களின் வரிசை இருபுறமும் வேறாதலால் எழுத்துகள் இடம் மாறின.

உடன்பாட்டை நாடி

இந்நிலையை மாற்ற வேண்டுமென்னும் எண்ணம் 1990களின் நடுவில் வலுப்பெற்றது. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 இல் அந்நாட்டுத் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் இடம்பெற்றன. தமிழ் இணையத்தின் தொடக்க நாள்களில் கவிதை முன்னே நின்றது என்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. சென்னை மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாடு அரசு தமிழ்99 என்னும் விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் ஏற்றது. அதே காலத்தில் பல நாடுகளில் வாழ்ந்த தமிழார்வலர்கள் மின்னஞ்சல்வழி விவாதித்து டிஸ்கி என்னும் மற்றொரு முறையை வகுத்தனர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்கு டிஸ்கியைக் கைக்கொண்டது. ஒன்றே வேண்டுமென்று கூடியவர்கள் மூன்றோடு கலைந்தனர் என்று எள்ளுவது எளிது. முன்பிருந்த எண்ணற்ற முறைகளை நோக்க மூன்று என்பது பெரிய முன்னேற்றமே.

உடன்பாடு கண்ட பின்னும் எட்டாம் பிட் தன் வேலையைக் காட்டியது. 173 ஆம் இடம் ஆங்கிலத் தரத்தில் மறைந்து நிற்கும் இணைப்புக்கோட்டுக்கு உரியது. சொல் வரியின் இறுதியில் பிளவுபட்டால் மட்டும் அது தோன்றும், இல்லையேல் மறையும். டிஸ்கியில் அவ்விடத்தில் இகரம் அமர்த்தப்பட்டிருந்தது. இவ்விதியைக் கடைப்பிடித்த மென்பொருள்களில் ‘இ’ கண்ணுக்குத் தெரியாமற் போகும் நிலை வந்தது. ஆகவே 254 ஆம் இடத்தில் மற்றுமோர் இகரம் வைக்கப்பட்டது. ஓர் உயிரெழுத்துக்கு இரண்டு இருக்கைகள்!

இவற்றுக்கெல்லாம் அடிப்படையில் வேறான தீர்வு யூனிகோடு. உலக மொழிகள் யாவற்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் அத்தரத்தின் முதற்பதிப்பு 1991 இல் வெளிவந்தது. இந்திய அரசின் இஸ்கி முறையை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்கள் அளிக்கப்பட்டன. மெய்யெழுத்துகளுக்கும் உயிர்மெய்களுக்கும் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய்யோடு குறிகளைச் சேர்த்தே அவற்றை ஆக்க வேண்டும். மெய்யும் உயிரும் புணர்ந்து உயிர்மெய்யாகும் என்னும் இலக்கண நெறிக்கு இது மாறானது என்ற குறை தமிழறிஞர் சிலரால் எழுப்பப்பட்டது. அக்குறை நியாயமானதே. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்னும் முறை உருவானதும் அதனால்தான். 2010 ஜூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ்16 இரண்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆயினும் உலகெங்கும் விற்கப்பட்ட இயங்குதளங்களும் கைப்பேசிகளும் யூனிகோட்டையே ஏற்றிருந்தமையால், வீட்டில் தமிழ் எழுதுவோரிடம் அதுவே நிலைபெற்றது.

2000 ஆம் ஆண்டில் வீட்டுக்குக் கணிப்பொறி வாங்கிய தமிழ் எழுத்தாளர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 லதா என்னும் எழுத்துருவோடு தமிழை அறிந்து வந்தது. ஆனால் அது அலுவலகங்களை நோக்கி விற்கப்பட்டது. டாஸ் காலத்துப் பழைய மென்பொருள்களும் பிள்ளைகளின் விளையாட்டுகளும் அதில் சரிவர ஓடா. செப்டம்பரில் வீட்டுக்கென வந்த விண்டோஸ் மில்லேனியத்தில் பழையன ஓடும். யூனிகோடு தமிழ் ஓடாது. வரப்போகும் எழுத்தைக் கருதினால் முன்னது. எழுதி வைத்த எழுத்தைக் கருதினால் பின்னது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி இவ்விரு கிளைகளையும் ஒன்றாக்கியது. அதிலும் தமிழ் தானாகத் தோன்றாது. அமைப்புகளுக்குள் சென்று ஒரு கட்டத்தில் குறியிட்டு, நிறுவு வட்டையும் இட வேண்டும். கடையில் பூட்டித் தந்த பொறிகளோடு அவ்வட்டு வாராத வீடுகளில் தமிழ் உள்ளிருந்தும் திறக்கப்படாத அறையாயிற்று. ஆப்பிள் பொறிகளில் 2005 இல் வந்த டைகர் பதிப்பு இணைமதி எழுத்துருவோடு தமிழை ஏற்றது.

பெயர்த்தெழுதும் வேலை இதன் பின்னரே தொடங்கியது. பழைய குறியீட்டிலுள்ளதை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகளை ஆர்வலர் பலர் ஆக்கி இலவசமாகவே அளித்தனர். அக்கருவிகளும் தடுமாறிய இடம் ஒன்றுண்டு. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம் பயன்பட்டது. ஆகவே ‘கௌரவம்’ என்பது மாற்றத்தில் ககரத்தின் மேல் எகரமேறி ‘கெளரவம்’ ஆயிற்று. ‘பௌர்ணமி’ ‘பெளர்ணமி’ ஆயிற்று. கண்ணுக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடும் பொறிக்கோ இவை வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைப்பதில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு காணாது ஏடு படித்தோர் பட்ட பாடு, ளகரத்தின் வாயிலாகத் திரும்பி வந்ததெனலாம்.

அச்சகங்களின் நிலை வீட்டினும் கடினமாயிற்று. தமிழ் நூல்களும் மலர்களும் நெடுங்காலம் பேஜ்மேக்கர் என்னும் பக்கமைப்பு மென்பொருளில் உருவாயின. அது யூனிகோட்டை அறியாது. 2001 இல் வந்த ஏழாம் பதிப்பே அதன் கடைசிப் பதிப்பு. 2004 இல் அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்தியது. அதன் வழித்தோன்றலாகிய இன்டிசைன் இந்திய எழுத்துகளை முறையாக ஏற்றது 2012 இல் வந்த சிஎஸ்6 பதிப்பில். இடைப்பட்ட ஆண்டுகளில் கவிஞர் புதுப் பொறியில் யூனிகோட்டில் எழுதி அனுப்பினார். அச்சகத்தார் அதனைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி அச்சிட்டனர். மறுபதிப்பு வேண்டியபோது மீண்டும் யூனிகோட்டுக்கு மாற்றினர். மாற்றுந்தோறும் மெய்ப்புத் திருத்த வேண்டும். திருத்தாமல் வெளிவந்த நூல்களை நூலகங்களில் இன்றும் காணலாம். ஆப்பிள் பொறி வைத்திருந்த வடிவமைப்பாளர்க்கு மற்றோர் இடரும் நேர்ந்தது. பேஜ்மேக்கர் ஆப்பிளின் புதிய இயங்குதளத்துக்கென எழுதப்படவே இல்லை. பழைய சூழலை உள்ளே வைத்துக் காட்டும் ஏற்பாட்டில் மட்டும் ஓடியது. 2006 இல் இன்டெல் செயலியோடு வந்த ஆப்பிள் பொறிகளில் அவ்வேற்பாடு இல்லை. அவ்வாண்டு புதுப் பொறி வாங்கியவர் தம் பழைய பக்கங்களைத் திறக்கும் வழியை அதனோடு இழந்தார்.

விண்டோஸின் பக்கத்திலும் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 64 பிட் பதிப்புகள் 16 பிட் நிரல்களை ஓட்டுவதில்லை. டாஸ், விண்டோஸ் 3.1 காலத்துத் தமிழ்ச் சொற்செயலிகள் அத்தகையவை. 2021 இல் வந்த விண்டோஸ் 11 வீட்டுக் கணிப்பொறிகளுக்கு 64 பிட் வடிவில் மட்டுமே வெளியாயிற்று. அதனை ஏற்பதற்குப் பாதுகாப்புச் சில்லு முதலிய தகுதிகளும் விதிக்கப்பட்டமையால், நன்கு ஓடிக்கொண்டிருந்த பொறிகள் பல தகுதியற்றவையாயின. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு முடிவுற்றது. புதுப் பொறி வாங்கும் கட்டாயம் பல வீடுகளுக்கு அவ்வாறு வந்தது.

கடைக்குச் செல்லுமுன் செய்யத்தக்கவை சிலவே. பழைய கோப்புகள் எந்த எழுத்துருவில் உள்ளன என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். எழுத்துருக் கோப்பையும் அவற்றோடு படியெடுத்தல் வேண்டும். பழைய பொறி ஓடும்போதே யூனிகோட்டுக்கு மாற்றி, ஒரு பிரதியைத் தாளில் அச்சிட்டு, இரண்டையும் ஒப்புநோக்குதல் வேண்டும். டாஸ் காலத்து மென்பொருள்களைப் புதுப் பொறிக்குள் நடித்துக் காட்டும் டாஸ்பாக்ஸ் போன்ற இலவசக் கருவிகளும் உண்டு. மதுரைத் திட்டத்தார் டிஸ்கியில் தொடங்கிய தம் நூல்களை யூனிகோட்டிலும் ஆக்கி வழங்கியமை இவ்வேலை இயலாததன்று என்பதைக் காட்டும். அவர்களுக்குப் பல கைகள் உதவின. தனியொரு கவிஞரின் வீட்டில் அவ்வேலையைச் செய்ய ஒருவரே உள்ளார். அவர்க்கும் எழுதிய நாளின் எழுத்துரு எது என்பது பெரும்பாலும் நினைவிலிருப்பதில்லை.

ஆகவே பல இல்லங்களில் புதுப் பொறி மேசைமேல் வந்த பின்னும் பழைய பெட்டி மேசைக்கடியில் துணி போர்த்தியபடி இருக்கின்றது. அதன் மின்கலம் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். அச்சேறாத தொகுப்பொன்று அதில் இருப்பதாக வீட்டார் கூறுவர். நெகிழ்வட்டு இயக்கி இன்னும் சுழல்கின்றதா என்று மட்டும் எவரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.